பழகிப்போன கொடி

மணி பிளாண்ட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் அது அழகாக இருக்கிறது என்று முதலில் சொல்வதில்லை. தாங்கும் என்றுதான் சொல்கிறார்கள். வெயில் வேண்டாம், தாங்கும். நான்கு நாள் தண்ணீர் ஊற்ற மறந்துபோனாலும் தாங்கும். மண்கூட வேண்டாம், பழைய பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகினால் போதும். நர்ஸரிக்காரர் சொல்வது இது. கணுவோடு ஒடித்துக் கையில் தரும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் இது. கேட்பவருக்கும் அதற்குமேல் எதையும் தெரிந்துகொள்ள அவசியம் இருப்பதில்லை. ஓர் உயிரைப் பற்றிச் சொல்லப்படும் இந்தப் பாராட்டில் ஏதோ கோணல் இருப்பதாக எனக்குச் சில காலமாகவே பட்டுக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். செடி வளர்ப்புக் குறிப்புகளை எதிர்பார்த்து வருகிறவருக்கு அதுவும் கொஞ்சம் கிடைக்கும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், நகைக்கடன் கவுண்டரின் மூலையில் அப்படி ஒரு கொடி இருக்கிறது. பெயரில் பணம் இருப்பதால் வங்கியில் இருக்கவேண்டியதுதான் என்று ஒரு வேடிக்கைக் காரணம் சொல்வார்கள். கேட்காமல் கிள்ளிக்கொண்டு வந்த செடி, அதனால்தான் செழிக்கிறது என்று இன்னொன்று. ஆனால் அது செழிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் எட்டாத மூலை, தலைக்குமேல் டியூப்லைட். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, இலைகள் சிறுத்து, மஞ்சள் கோடுகள் மங்கி, கவுண்டர் பலகையின்மேல் ஒரு கயிறு போலக் கிடக்கிறது. சாகவில்லை என்பதைச் செழிக்கிறது என்று படிக்க நாங்கள் பழகியிருக்கிறோம்.

செம்மங்குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் வருடத்துக்கு ஒருமுறை வருவார். வட்டியைக் கட்டி நகையை மாற்றி வைக்க. போன தடவை கூட்டம் அதிகம், படிவம் தயாராக நேரமாயிற்று. "ஊர்ல நாத்தம் இப்ப எப்படிம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அது கெடக்குது தம்பி. பழகிப்போச்சு" என்றார். பிறகு கொடியைப் பார்த்து, "இதுக்கு வெயில் வேணாமா?" என்றார்.

"வேணாம்மா. தாங்கும்."

"தாங்குதுன்னு இங்கயே வச்சிட்டீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டார்.

அவர் எதையும் உட்பொருளாக வைத்துச் சொல்லவில்லை. எனக்கு ஞானம் போதிக்க வந்தவருமல்ல. டோக்கனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த அலுப்பில் கண்ணில் பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவே. ஆனால் 'பழகிப்போச்சு' என்று அவர் சொன்னதும் 'தாங்கும்' என்று நான் சொன்னதும் ஒரே நிமிஷத்தில், ஒரே பலகையின் இரண்டு பக்கத்திலிருந்து வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்குத் தெரிந்தது.

செம்மங்குப்பம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே சாலை, கிழக்கே உப்பனாறு, நடுவில் 1980களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, பூச்சிமருந்து, சாயம், ரசாயனம் செய்யும் ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் இவற்றை ஒட்டியும் இவற்றுக்கு இடையிலும் இருக்கின்றன. 2025 ஜூலை 8 அன்று இங்குள்ள ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று குழந்தைகள் இறந்தபோதுதான் செம்மங்குப்பம் என்ற பெயரை நாடு கேட்டது. அதற்கு முன் 2021 மே மாதம் தொழிற்பேட்டையின் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் நான்கு பேர் இறந்தபோது இந்தப் பக்கம் செய்தியில் வந்தது. இந்த இரண்டு நாட்களுக்கு வெளியே, அன்றாடம் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்றில் என்ன வருகிறது என்பது செய்தியல்ல. அது பழகிப்போனது.

இனி கொடிக்கு வருகிறேன். நாம் மணி பிளாண்ட் என்று சொல்வதன் தாவரப் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பசிபிக் சமுத்திரத்தில், பிரெஞ்சு பாலினேஷியாவிலுள்ள மொரேயா தீவு இதன் சொந்த ஊர். 1880இல் ஐரோப்பியர் இதற்குப் போத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் வேறு வேறு பேரினங்களில் மாற்றி மாற்றிப் போட்டு, 1964இல்தான் இன்றைய பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய தவறான பெயரான போத்தோஸ் இன்னும் வியாபாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு அந்நியக் குடும்பமல்ல. நம் வீட்டுப் பின்புறத்துச் சேம்பும் கருணைக்கிழங்கும் இதன் உறவினர்கள்தாம். கருணையைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. குழந்தைகள் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மேஜைமேல் உள்ளங்கையளவு, இதய வடிவில் இருக்கும் இலை இக்கொடியின் குழந்தைப் பருவத்து இலை. பெரிய மரத்தைப் பற்றி, வெளிச்சத்தை நோக்கி ஏற விட்டால் தண்டு பருத்து, இலை அகன்று, ஓரங்கள் கிழிந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு வரும். பூங்காக்களில் மரத்தில் ஏறிய மணி பிளாண்ட்டைப் பார்த்தவர்கள் அதுவும் இதுவும் ஒரே செடி என்று சொன்னால் நம்புவதில்லை. வயது ஏறினால் மட்டும் இலை பெருத்துவிடாது. இருபது வருடம் பாட்டிலில் இருந்த கொடிக்கும் குழந்தை இலைதான். செங்குத்தாக ஏறுவதற்கு ஒரு பிடிப்பு, காற்றுவேர் ஊன்ற ஈரமான ஒரு பரப்பு, நல்ல வெளிச்சம் - இவை மூன்றும் கிடைத்தால் கொடி பருவமடையும். தொட்டியிலிருந்து கீழே தொங்கவிட்டால் போகப்போக இலை சிறுக்கும். ஆகவே வீட்டுக்குள் வளர்க்கிறவர் செய்யக்கூடியது சுலபம்: உச்சி வெயில் நேராகப் படாத ஜன்னல் பக்கம் தொட்டியை வைத்து, தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, காற்றுவேர் படும்படி கொடியைத் தளர்வாகக் கட்டி, நாரை ஈரமாக வைத்திருப்பது. மண் காய்ந்தபின் தண்ணீர். வேர் அழுகுவது பெரும்பாலும் அன்பின் மிகுதியால்தான்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. நம்மிடம் கொடிக்கால் உண்டு. வெற்றிலைக் கொடியும் மணி பிளாண்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குழந்தைகள் குழம்பிப்போவார்கள். அவ்வளவு ஒத்த இலை. கொடிக்கால்காரர் கொடியை நடுமுன் அகத்தியை விதைக்கிறார். ஏறுவதற்கு மரமும், தலைக்குமேல் சன்னமான நிழலும் தயாரானபின்தான் கொடி வருகிறது. ஏற ஏற நாரால் கட்டிக் கொடுக்கிறார். அவர் வளர்ப்பது விற்பதற்காக, இலையைக் கிள்ளுவதற்காக. அதை அவர் மறைப்பதுமில்லை. ஆனால் இந்தக் கொடிக்கு என்ன தேவை என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார். வரவேற்பறையில் அன்புக்காகவும் அலங்காரத்துக்காகவும் வளர்க்கும் நாம், இது எது இல்லாமல் பிழைக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். இரண்டு கேள்விகளுக்குமிடையே ஒரு தார்மிகத் தூரம் இருக்கிறது.

இங்கே நான் ஒரு பாசாங்கைத் தவிர்க்க வேண்டும். இக்கொடி பூப்பதில்லை. நம் அறைகளின் கொடுமையால்தான் பூக்கவில்லை என்று எழுதினால் வாசிக்க உருக்கமாக இருக்கும், ஆனால் பொய். பூக்கத் தூண்டும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணுவில் இதற்குக் குறை இருப்பதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது; ஹார்மோனைத் தெளித்தபோது பூத்தது. தானாகப் பூத்ததற்கான கடைசிப் பதிவு 1964ஐச் சேர்ந்தது. ஆகவே பூவாமை அதன் பிறவி. இலையின் சிறுமை நாம் தந்தது. இரண்டையும் கலந்து அனுதாபம் சம்பாதிக்கக் கூடாது.

ஒளி இல்லாத அறைக்குள் செடி வளர்க்கும் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் செம்மங்குப்பத்தை ஒத்த ஓர் இடம் இருக்கிறது. லண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியேல் வார்ட் என்ற டாக்டர் இருந்தார். பெரணிச் செடிகள்மேல் ஆசை. ஆனால் ஆலைகளின் நிலக்கரிப் புகையில் அவர் நட்டதெல்லாம் செத்தது. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர், வெளியே பிழைக்காத பெரணி ஒன்று ஜாடிக்குள் முளைத்திருப்பதைக் கண்டார். வார்ட் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டி இப்படி வந்தது. 1833இல் அப்பெட்டியில் வைத்து லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் செடிகள் உயிரோடு போயின. பின்னால் சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான். வெளிக்காற்று கெட்டுப்போனது, செடியைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். பெட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு புகை சகஜமாகிவிட்டது. இது வார்ட்டின் குற்றமல்ல. அவர் ஏழைகளின் குடியிருப்புக்கும் பச்சை வேண்டும் என்று நினைத்தவர். ஆனால் ஒரு தீர்வு பிரச்னையைப் பார்வையிலிருந்து நகர்த்திவிடும் என்பதற்கு இதைவிடச் சின்ன, கையடக்கமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் வேறு வழி கண்டார்கள்: எதையும் தாங்கும் செடி. ஆஸ்பிடிஸ்ட்ரா என்பது கிழக்காசியாவிலிருந்து போனது. கேஸ் விளக்கின் புகையையும் இருட்டு முன்னறையையும் தாங்கியதால் அதற்கு வார்ப்பிரும்புச் செடி என்றே பெயர் வந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் இதன் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு நாவல் எழுதினார். பணத்தை வெறுத்து நல்ல வேலையை உதறிய கதாநாயகன், தன் வாடகை அறையிலுள்ள ஆஸ்பிடிஸ்ட்ராவைக் கொல்லப் பார்க்கிறான். சிகரெட்டை அதன் மண்ணில் அணைக்கிறான். அது சாகாது. கடைசியில் கல்யாணம் செய்துகொண்டு, பழைய வேலைக்கே திரும்பி, தானே ஓர் ஆஸ்பிடிஸ்ட்ராவை வாங்குகிறான். பிழைப்பை ஏற்றுக்கொள்வதன் கௌரவம் என்று அந்த முடிவைப் படிக்கலாம். தோல்வி என்றும் படிக்கலாம். வங்கியில் வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் முதல் விதமாகப் படித்தேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

தாங்குவது ஒரு குணம்தானே, அதைப் பாராட்டினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிமையாக இருந்த எபிக்டெடஸ் தாங்குதலை ஒரு தத்துவமாகவே ஆக்கினார். உலகம் அவரை மதிக்கிறது. ஆனால் தமிழின் வினைமுற்றுகள் இங்கே நமக்கு உதவுகின்றன. 'தாங்குகிறேன்' என்பது தன்மை. சொல்கிறவன் தன் சுமையின்மேல் தானே எடுக்கும் நிலை அது. அதில் வீரம் இருக்கலாம், கசப்பு இருக்கலாம், மறுநாள் தாங்கமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரமும் இருக்கிறது. 'தாங்கும்' என்பது படர்க்கை, அதிலும் இன்றைய வழக்கில் அஃறிணை. சொல்கிறவன் வேறு, தாங்குவது வேறு. பெரும்பாலும் சொல்கிறவன்தான் சுமையை வைக்கிறவனும். பாலத்தைப் பற்றி எஞ்சினியர் சொல்வது போல - இத்தனை டன் தாங்கும். முதலாவது ஓர் அறமாக இருக்க முடியும். இரண்டாவது வெறும் கணக்கு. ஆனால் பாராட்டின் வேஷத்தில் வருகிறது. ஒருவர் தன் தாங்குதலைத் தானே பேசும்போது கேட்கவேண்டியது அவர் என்ன சொல்கிறார் என்பதை. பிறர் அதைப் பேசும்போது கேட்கவேண்டியது இப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம் என்பதை.

அந்த அம்மாள் சொன்ன வாக்கியத்தையும் இப்படியே பார்க்கலாம். "பழகிவிட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. "பழகிப்போச்சு" என்றார். அதில் 'நான்' இல்லை. தான் செய்ததாக அவர் சொல்லாமல், தனக்கு நேர்ந்ததாகச் சொன்னார். கூடவே 'போச்சு' என்றொரு வார்த்தை, எதுவோ போயிருக்கிறது. தமிழில் இதைச் சம்மதம் என்று மொழிபெயர்க்க முடியாது. ஆனால் அதிகாரத்தின் காதுக்கு இது சம்மதமாகவே விழுகிறது: ஊர்க்காரர்களே பழகிவிட்டது என்கிறார்களே. இல்லாமையிலேயே நெடுங்காலம் இருந்தவர்கள் தங்கள் ஆசைகளைக் கிடைப்பதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்கிறார்கள், ஆகவே அவர்களுடைய திருப்தியை வைத்து அவர்கள் நிலைமையை அளக்க முடியாது என்று அமர்த்தியா சென் 1980களில் வாதிட்டார். பொருளாதாரத்துக்குச் சொன்னது. மூக்குக்கும் பொருந்துகிறது.

மூக்கு விஷயத்தில் இது உவமைகூட அல்ல, உடற்கூறு. ஒரே நாற்றம் தொடர்ந்து வந்தால் சில நிமிஷங்களில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிக அளவில் இருந்தால் முகரும் சக்தியையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரம். பழக்கம் இங்கே விஷத்தின் வேலையில் ஒரு பகுதி.

இதே வாதத்தைச் செடியின் பக்கத்திலிருந்தும் சொல்லலாம். மான்ஸ்டெரா என்பது மணி பிளாண்ட்டின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பெரிய இலைக் கொடி. இலையில் ஓட்டைகளோடு இப்போது நகரத்து வீடுகளில் நாகரிகமாகியிருப்பது. மத்திய அமெரிக்கக் காட்டில் இவ்வினத்துக் கொடி ஒன்றை ஆராய்ந்து ஸ்ட்ராங், ரே என்ற இருவர் 1975இல் எழுதினார்கள். விதை தரையில் விழுந்து முளைத்ததும் நாற்று வெளிச்சத்தை நோக்கிப் போவதில்லை. பக்கத்திலுள்ள மிக இருண்ட பக்கத்தை நோக்கித் தரையில் ஊர்கிறது. காட்டில் மிக இருண்டது பெரிய மரத்தின் அடி. அதைத் தொட்டதும் திரும்பி வெளிச்சத்துக்கு ஏறத் தொடங்குகிறது. நாற்றுப் பருவத்தில் மட்டும் பார்க்கிறவர் இது இருட்டை விரும்பும் செடி என்று முடிவுகட்டியிருப்பார். இருட்டு அதற்கு வழி. நம் மூலைகளில் அந்த வழி மட்டும் இருக்கிறது, மரம் இல்லை. நிழலில் வாழ்கிறவர்களைப் பார்த்து அவர்களுக்கு நிழல் போதும் என்று சொல்கிற வழக்கம் நமக்கு எல்லா விஷயத்திலும் உண்டு.

ஒரு ஆட்சேபணை இருக்கிறது. செடிக்கு வலி தெரியாது. அதன் சிறிய இலைக்காக அது வருந்துவதாக நினைப்பது கவிதைப் பழக்கம். மனிதர்கள் விஷயத்தில் செடியை உவமையாகக் கொண்டுவருவது மனிதர்களையே அஃறிணையாக்குவதில் முடியலாம். ஒப்புக்கொள்கிறேன். செடியை விடுதலை செய்வது பற்றியும் எனக்குக் கனவுகள் இல்லை. இலங்கையில் கண்டி நகரத்தையொட்டிய உடவத்தகெலே காட்டுக்குள் போய்விட்ட இதே மணி பிளாண்ட், தரையையும் மரங்களையும் மூடிப் படர்ந்து, அக்காட்டுக்கே உரிய செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. எதையும் தாங்குவதற்கு, இடம் கிடைத்தால், மற்றதை வாழவிடாத முகமும் இருக்கிறது. செடிக்கு அறம் இல்லை, அநீதியும் இல்லை. நான் பேசுவது செடியைப் பற்றி நாம் பேசும் பேச்சை. அந்தப் பேச்சில் தேறிய மனோபாவம் செடியோடு நிற்பதில்லை என்பதே என் கவலை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. தவணையோ வட்டியோ 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனால் ஒரு கடன் வாராக்கடனாகிறது. அன்றிலிருந்து எல்லோரும் அதைக் கவனிக்கிறார்கள். மேலிடத்திலிருந்து போன் வருகிறது, கடன்காரர் வீட்டுக்கு ஆள் போகிறது. ஒருவர் எதை விற்றாவது, யாரிடம் வாங்கியாவது வட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தால் அவர் கணக்கு நல்ல கணக்கு. வருடாவருடம் அதே சங்கிலியை அதே தொகைக்கு மாற்றி வைக்கிற அம்மாளை எங்கள் பேரேடு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாடியது மட்டுமே தெரியும்படி எங்கள் கண் அமைக்கப்பட்டிருக்கிறது.

வாடியது என்ற சொல் வந்ததும் வள்ளலார் நினைவு வராமல் இராது. வடலூர் எங்கள் மாவட்டம்தான். 1867இல் அவர் தொடங்கிய தருமச்சாலையில் அடுப்பு இன்னும் எரிகிறது. பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாக உணர்ந்த மனம் அது. அதன் உயரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சுலபமான மேற்கோளாக்கி வைத்திருக்கும் நம்மிடம்தான் கேட்கிறேன்: வாடாத பயிரை என்ன செய்வது? வாட்டத்தைக் கண்டு இரங்கும் ஜீவகாருண்யம், வாடுவதற்குக்கூட வழியில்லாமல் பச்சையாகவே நிற்பதைக் காணுமா? பாரியின் கதையை நாம் கொடைக்கு உதாரணமாகப் பள்ளியில் படித்தோம். எனக்கு அதில் தேரைவிட அந்தப் பார்வை முக்கியமாகப் படுகிறது. முல்லை செத்துக்கொண்டிருந்ததாகக் கதை சொல்லவில்லை. கொழுகொம்பு இல்லாமல் இருந்தது, அவ்வளவே. இன்னொருவனாக இருந்தால், கொம்பில்லாமலே எப்படித் தழைத்திருக்கிறது பார் என்று பாராட்டிவிட்டுத் தேரில் போயிருப்பான்.

செம்மங்குப்பம் பக்கத்தில் சிலர் பழகிப்போவதற்கு மறுத்தார்கள். 2004இல் சிப்காட் சுற்றுப்புறத்து ஊர்க்காரர்கள், சுற்றுச்சூழல் குழுவினரின் உதவியோடு காற்றை வாளியில் பிடித்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள் விசேஷமான ஒரு பை, சின்ன பம்பு. கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வாழ்ந்தவர்களிடையே 1990களில் உருவான முறை. பிடித்த காற்றை அமெரிக்காவிலுள்ள பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. கூடவே நாற்றங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்தார்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கத்துக் காற்று, எதைப் போன்ற நாற்றம். அழுகிய முட்டையா, அழுகிய முட்டைக்கோஸா, பிணமா. பின்னர் அரசின் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நீரி என்ற தேசிய ஆய்வு நிறுவனம் செய்து 2008இல் தெரியவந்த ஆய்வும் இப்பகுதியில் புற்றுநோய் அபாயம் இயல்பைவிடப் பல மடங்கு என்றது.

இந்தக் குறிப்பேட்டை இலக்கியக்காரர்கள் கவனிக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஒரு நாற்றத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்வது, அதற்குச் சரியான சொல் தேடுவது, நேற்று வந்ததை இன்றைக்கும் புதிதாக முகர்வது - கவிதையில் நாம் பிரக்ஞை என்று சொல்லிக்கொண்டிருப்பதை இவர்கள் மூக்கால் செய்தார்கள். அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பழகிப்போனவருக்கு ராத்திரி தூக்கமாவது வரும். பழக மறுத்தவர் இரண்டு மணிக்கு எழுந்து மணி பார்த்து எழுதவேண்டும். அந்த அம்மாளை அந்த வேலைக்கு எழுப்பும் உரிமை எனக்கில்லை. அவர் தூங்கட்டும், ஆனால் அவர் தூங்குவதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாளிக்கு எதிர்ப்பக்கத்தில் பாட்டில் இருக்கிறது. மணி பிளாண்ட் வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று இப்போது விற்கிறார்கள். 1989இல் நாஸா சார்பில் வுல்வர்ட்டன் செய்த பரிசோதனையை ஆதாரம் காட்டுகிறார்கள். அது அடைத்து மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்த பரிசோதனை. பிலடெல்பியாவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இத்தகைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு 2019இல் எழுதினார்கள்: ஒரு கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டம் அளவுக்குச் செடிகள் காற்றைச் சுத்தப்படுத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1000 செடிகள் வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறப்பது மேல் என்பது அதன் சாரம். ஜன்னலைத் திறந்தால் எது உள்ளே வருகிறது என்பது லண்டனில் வார்ட்டுக்கு இருந்த கேள்வி. செம்மங்குப்பத்துக்கு இன்றும் இருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தொட்டியிலிருந்து பதில் கிடைக்காது. ஆலைகளிடமிருந்தும், அவற்றைக் கண்காணிக்கச் சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்தும் வரவேண்டும்.

கவுண்டர் மூலைக் கொடியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, நார் சுற்றிய கம்பு ஒன்று வைத்துக் கட்டியிருக்கிறேன். நான்கு மாதத்தில் புதிதாக வந்த இலைகள் பழையதைவிட ஒரு விரற்கடை அகலம் கூடியிருக்கின்றன. கிளையில் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இதை எழுதுவது பெருமைக்காக அல்ல. செடி விஷயத்தில் பதில் எவ்வளவு சுலபம் என்பதைக் காட்டத்தான்: தொட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் முடிந்தது. ஊர் விஷயத்திலும் அந்தச் சுலபத்தைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்தனை கஷ்டமென்றால் வேறு இடத்துக்குப் போகலாமே என்பார்கள். உவமை உடைகிற இடம் இது, உடையவேண்டிய இடமும்கூட. செம்மங்குப்பம் ஒரு மூலையில் கொண்டுவந்து வைக்கப்பட்டதல்ல. ஊர் முன்பே அங்கே இருந்தது. இருட்டுதான் பிறகு வந்தது. நகர்த்தவேண்டியது எது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

அடுத்த தவணைக்கு அந்த அம்மாள் வரும்போது வழக்கம்போல வட்டியைக் கணக்கிட்டுச் சொல்வேன். அவருக்கு உதவியாக என்னிடம் வேறெதுவும் இல்லை. நாற்றம் எப்படி என்று கேட்டால், பழகிப்போச்சு என்று அவர் சொன்னதும் படிவத்தைப் பார்த்துக் குனிந்துவிடாமல், எத்தனை மணிக்கு வருகிறது என்றாவது கேட்க வேண்டும்.